வேலைக்காரப் பாட்டியின் பாட்டு கடல் கடந்து களவு போனது! 92 வயதில் கிராமி வாங்கிய கிட்டார் அம்மாள்

பர்ஸ் களவு போகும். சைக்கிள் களவு போகும். பூட்டிய வீட்டில் பித்தளை அண்டா களவு போகும். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் ரைட்டர் ஒரு நம்பராவது போட்டுக் கொடுப்பார்.

பாட்டு களவு போனால் எங்கே போய் எழுதிக் கொடுப்பது?

அதுவும் பறிகொடுத்தவர் இன்னொருவர் வீட்டில் துணிக்கு இஸ்திரி போட்டு, ரொட்டி சுட்டுக் கொடுக்கும் ஒரு பெண்மணி. வயது 60-க்கு மேல். களவு நடந்தது கடலுக்கு அந்தப் பக்கம், லண்டனில். பாட்டு ரேடியோவில் ஓகோ என்று ஓடுகிறது. ரெக்கார்டு விற்கிறது. லேபிளில் யார் யார் பெயரோ அச்சாகியிருக்கிறது. எழுதிய அம்மாள் அமெரிக்காவில், வாஷிங்டன் நகரில், வீட்டு வேலை செய்துகொண்டிருக்கிறார்.

அந்த அம்மாளின் பெயர் எலிசபெத் காட்டன். தெரிந்தவர்கள் செல்லமாகக் கூப்பிட்ட பெயர் லிப்பா. இன்றைக்கு உலகத்தில் விரலால் மீட்டி கிட்டார் வாசிக்கக் கற்றுக்கொள்ளும் யாரும் இவர் பாட்டைத் தொடாமல் போவது அபூர்வம். அவரது வாழ்க்கை விவரம் வருமாறு:-

தனக்குத் தானே பெயர் வைத்தார்

1893-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி பிறந்தவர். ஊர், அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் சேப்பல் ஹில் என்ற ஊரை ஒட்டிய பகுதி. இப்போது அந்த இடத்துக்கு கார்பரோ என்று பெயர். கறுப்பினக் குடும்பம். அங்கே அடிமை முறை சட்டப்படி ஒழிந்து 28 வருடம்தான் ஆகியிருந்தது. ஐந்து பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி.

வீட்டில் இவருக்குச் சரியாகப் பெயர் கூட இல்லை. 'பாப்பா' என்கிற மாதிரி ஏதோ சொல்லிக் கூப்பிட்டு வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் நாள், வாத்தியார் "உன் பேர் என்ன?" என்று கேட்டார். பாப்பா யோசிக்கவில்லை. "எலிசபெத்" என்று பட்டென்று சொல்லிவிட்டது! அதுவே நிலைத்துவிட்டது. தன் பெயரைத் தானே வைத்துக்கொண்ட பெண் என்பதை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளவும். பெயர் விவகாரம் பின்னால் பெரிதாக வரப்போகிறது.

வீட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் தண்டவாளம். ராத்திரி படுத்தால் கூட்ஸ் வண்டி போகும் சத்தம். தண்டவாளத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், அந்தச் சத்தம் முதல் ஒரு மாதம்தான் தொந்தரவு. அப்புறம் அது வராவிட்டால்தான் தூக்கம் வராது.

அண்ணன் பாஞ்சோ, தங்கை கைவரிசை

அண்ணனிடம் ஒரு பாஞ்சோ இருந்தது. கிட்டார் மாதிரி, ஆனால் உடம்பு மேளம் போல தோல் கட்டி வட்டமாக இருக்கும். அண்ணன் வேலைக்குக் கிளம்பும் வரை காத்திருந்து, தலை மறைந்ததும் தங்கை அதை எடுத்து வாசிப்பாள். தந்தி அறுந்துவிடும். உடனே வாத்தியத்தை இருந்த இடத்தில் வைத்துவிட்டு, அண்ணன் வரும் நேரத்தில் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். யார் அறுத்தது என்று அண்ணனுக்கும் தெரியும்.

இதில் ஒரு சிக்கல். எலிசபெத்துக்கு இடது கைப் பழக்கம், நம் ஊரில் நொட்டாங்கை என்போமே அது. வாத்தியமோ வலது கைக்காரருடையது. தந்திகளைக் கழற்றி இடம் மாற்றிக் கட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் வாத்தியத்தையே தலைகீழாகத் திருப்பிப் பிடித்தாள். அப்படியே பழகிப் போயிற்று. சாகும் வரை மாறவில்லை.

கொஞ்ச நாளில் அண்ணன் வெளியூர் கிளம்பினான். பாஞ்சோவும் கூடவே போய்விட்டது. வாசிக்க ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு, சிறுமி வீட்டு வேலைக்குப் போனாள். சம்பளம் மாதம் 75 சென்ட். அதாவது முக்கால் டாலர். அதில் மிச்சம் பிடித்து ஒரு கிட்டார் வாங்கினாள். ஸ்டெல்லா என்ற மலிவு ரகம். விலை 3 டாலர் 75 சென்ட்.

கணக்குப் பாருங்கள். ஐந்து மாதச் சம்பளம், ஒரு சென்ட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை!

வீட்டில் ராத்திரி பகல் இல்லாமல் டொய்ங் டொய்ங் என்று ஒரே சத்தம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 11, 12 வயதில் ஒரு பாட்டுக் கட்டினாள். பாட்டின் பெயர் 'ஃபிரெய்ட் டிரெயின்'. சரக்கு ரயில், நம் பாஷையில் கூட்ஸ் வண்டி. ஓடிப் போகும் ஒருவரைப் பற்றியது. தான் செத்தால் ரயில் சத்தம் கேட்கிற இடத்தில் புதைக்க வேண்டும் என்ற ஆசையும் அதில் வருகிறது. சின்னப் பெண்ணுக்கு இந்த நினைப்பு எங்கிருந்து வந்ததோ!

அதே வயதில் இன்னொரு பாட்டு. பக்கத்து வீட்டு அம்மாள் இவளைப் பற்றி அம்மாவிடம் பொய்யாக வத்தி வைத்துவிட்டார். செய்யாத தப்புக்கு தண்டனை. நம்மில் பலர் இந்த மாதிரி விஷயத்துக்குக் கல்லெடுத்து அடித்துவிட்டு ஓடியிருப்போம். எலிசபெத் பாட்டாகப் பாடிவிட்டாள். 'ஓ பேப், இட் எய்ன்ட் நோ லை' என்ற அந்தப் பாட்டை, பிற்காலத்தில் கிரேட்ஃபுல் டெட் என்ற பெரிய ராக் கோஷ்டி மேடையில் பாடி 1981-ல் ரெக்கார்டிலும் போட்டது. வத்தி வைத்த அம்மாளுக்கு இப்படி ஒரு புகழ்.

25 வருடம் கிட்டார் கட்!

17 வயதில், 1910-ல், கல்யாணம். மாப்பிள்ளை பெயர் ஃபிராங்க் காட்டன். ஒரே மகள், லில்லி. கல்யாணத்துக்குப் பிறகு சர்ச் விஷயங்களில் தீவிரமாக ஈடுபட்டார். அங்கே பெரியவர்கள் கூப்பிட்டுச் சொன்னார்கள்: கடவுளுக்கும் ஊழியம் செய்வேன், இந்த உலகத்துப் பாட்டும் பாடுவேன் என்பது நடக்காது. ஒன்றை விடு.

கிட்டாரை விட்டார். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல. 25 வருடத்துக்கு மேல்! எப்போதாவது சர்ச்சில் வாசித்ததோடு சரி. யார் வீட்டிலாவது சமைப்பது, துவைப்பது, கூட்டுவது. மகளுக்குக் கல்யாணம் ஆனதும் கணவரிடமிருந்து விவாகரத்து. பிறகு வாஷிங்டனில் மகள், பேரப்பிள்ளைகளோடு குடித்தனம். கதை இதோடு முடிந்திருந்தால் நானும் எழுதியிருக்க மாட்டேன், நீங்களும் படித்திருக்க மாட்டீர்கள்.

கடையில் அழுத சிறுமி

1940-களில் நடந்தது. வாஷிங்டனில் லேன்ஸ்பர்க் என்று ஒரு பெரிய டிபார்ட்மெண்ட் ஸ்டோர். பண்டிகை சீசன் கூட்டத்தைச் சமாளிக்க ஆள் எடுத்தார்கள். எலிசபெத் அம்மாளுக்கு பொம்மை விற்கும் பிரிவில் வேலை. ஒரு தாயார் மகள்களோடு பொம்மை வாங்க வந்தார். கூட்டத்தில் ஒரு சிறுமி காணாமல் போய்விட்டாள்.

சிறுமியைக் கண்டுபிடித்து, அழுகையை அடக்கி, தாயாரிடம் கொண்டுவந்து ஒப்படைத்தவர் எலிசபெத். அந்தத் தாயார் நன்றி சொன்னதோடு நிற்காமல், "இந்த வேலையை விடுவதாக இருந்தால் எங்கள் வீட்டுக்கு வாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாளில் எலிசபெத் அங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

அது யார் வீடு தெரியுமா? தாயார் பெயர் ரூத் கிராஃபோர்ட் சீகர். பெயர் பெற்ற இசையமைப்பாளர். கணவர் சார்லஸ் சீகர், இசை ஆராய்ச்சியாளர். 'நாம் வெல்வோம்' என்று உலகம் பூராவும் ஊர்வலங்களில் பாடுகிறார்களே, அந்தப் பாட்டைப் பரப்பிய பீட் சீகர் இவருடைய முதல் தாரத்து மகன். வீடு நிறைய வாத்தியங்கள், நாட்டுப்பாட்டு ரெக்கார்டுகள். அமெரிக்காவில் எத்தனையோ லட்சம் வீடுகள் இருக்க, கிட்டாரை மறந்த ஒரு பெண்மணி வேலைக்குப் போய்ச் சேர்ந்தது இந்த வீட்டில். சினிமாவில் வைத்தால் "ரீல் விடுறான்" என்று எழுந்து வந்துவிடுவோம்.

காணாமல் போன சிறுமி பெக்கி. அவளுடைய தங்கை பென்னிக்கு 'எலிசபெத்' வாயில் நுழையவில்லை. 'லிப்பா' என்றாள். அதுவே பெயராயிற்று.

சில வருடம் கழித்து ஒரு நாள். வீட்டுக் கிட்டார் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. லிப்பா அதை எடுத்து வாசிக்க ஆரம்பித்தார். பெக்கி வந்து பார்த்தாள். அண்ணன் மைக் வந்தான். வாயடைத்துப் போனார்கள். இஸ்திரி போடுகிற லிப்பா, கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, 40 வருடத்துக்கு முந்தைய பாட்டை வாசிக்கிறார்! பிள்ளைகள் விடவில்லை. அது என்ன பாட்டு, இது என்ன பாட்டு என்று நச்சரித்து ஒவ்வொன்றாக அவர் ஞாபகத்திலிருந்து வெளியே எடுத்தார்கள்.

தலைகீழ் வாசிப்பில் என்ன விசேஷம்?

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கிட்டாரில் ஆறு தந்தி. வழக்கமாகப் பிடித்தால் தடித்த தந்திகள் மேலே, மெல்லிய தந்திகள் கீழே. வாசிப்பவர் கட்டை விரலால் தடித்த தந்தியில் 'டும்... டும்...' என்று தாளம் போடுவார். மற்ற விரல்கள் மெல்லிய தந்தியில் மெட்டை வாசிக்கும். இப்படி விரலாலேயே வாசித்தால் ஒரே ஆள் இரண்டு பேர் மாதிரி கேட்கும். பக்கவாத்தியம் தேவையில்லை.

லிப்பா பிடித்ததில் எல்லாம் உல்டா. தடித்த தந்திகள் கீழே போய்விட்டன. ஆகவே தாளம் போடுவது ஆள்காட்டி விரல். மெட்டு வாசிப்பது கட்டை விரல். உலகமே எந்த விரலால் எதைச் செய்கிறதோ அதற்கு நேர் எதிர். ஆனால் காதுக்கு மட்டும் தப்பாகக் கேட்காது. ரயில் சக்கரம் மாதிரி அடியில் தாளம் சீராக உருளும். மேலே மெட்டு தனியாக நடந்து போகும். கட்டை விரல் பலமானது அல்லவா, அதனால் மெட்டு கணீரென்று ஒலிக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. சங்கீதம் தெரிந்தவர்கள் மன்னிக்கவும்.

அவர் பெயரையே வைத்து 'காட்டன் பிக்கிங்' என்று இந்த வாசிப்புக்குப் பட்டம் வந்தது. வலது கைக்காரர்கள் இன்றும் அதை விரல் மாற்றித்தான் படிக்கிறார்கள். அவர் வாசித்த மாதிரியே வாசிக்க வேண்டுமானால் கிட்டாரைக் கவிழ்த்துப் பிடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

லண்டனில் களவு

இனி நம்ம டிபார்ட்மெண்ட்.

பெக்கி வளர்ந்து பாடகி ஆனார். 1956-ல் இங்கிலாந்து போனார். போன இடத்தில் 'ஃபிரெய்ட் டிரெயின்' பாடினார். வீட்டில் கேட்டு வளர்ந்த பாட்டு, பாடியதில் தப்பில்லை.

அங்கே அந்தச் சமயம் ஸ்கிஃபிள் என்று ஒரு மோகம். கிட்டார் ஒன்று, துணி துவைக்கிற தகரப் பலகை ஒன்று, தேயிலைப் பெட்டியில் கம்பு நட்டுக் கயிறு கட்டிய வாத்தியம் ஒன்று. இவை இருந்தால் பையன்கள் கோஷ்டி ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட கோஷ்டிகளுக்கு ஏற்ற, சுலபமான, மனதை அள்ளும் பாட்டு இது. சாஸ் மெக்டெவிட் என்பவரின் கோஷ்டி நான்சி விஸ்கி என்ற பாடகியைப் பாட வைத்து ரெக்கார்டு போட்டது. 1957-ல் இங்கிலாந்தில் 5-வது இடம் வரை போனது. அமெரிக்காவில் ரஸ்டி டிரேப்பர் என்பவர் பாட, அங்கேயும் முதல் பத்துக்குள் வந்தது. லண்டன் சோஹோ பகுதியில் மெக்டெவிட் 'ஃபிரெய்ட் டிரெயின்' என்று பாட்டின் பெயரிலேயே காபிக்கடை கூடத் திறந்தார்!

பாட்டை எழுதியவர்கள் என்று பதிவானது பால் ஜேம்ஸ், ஃபிரெட் வில்லியம்ஸ் என்ற இரண்டு பெயர்கள். எலிசபெத் காட்டன் என்ற பெயர் எங்கேயும் இல்லை.

இதில் கைதேர்ந்த திருடனுக்கும் வசதியான அம்சம் என்னவென்றால், பறிகொடுத்தவரிடம் ரசீதே கிடையாது. பாட்டு எந்தக் காகிதத்திலும் எழுதப்படவில்லை. அச்சாகவில்லை. அவர் குரலில் ரெக்கார்டு வெளிவரவில்லை. 50 வருடமாக ஒரு வேலைக்காரப் பெண்மணியின் தலைக்குள் மட்டும் இருந்தது. "நாட்டுப்பாட்டுதானே, யார் எழுதினது என்று யாருக்குத் தெரியும்?" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. வீட்டு வேலை செய்கிறவருக்குப் பாட்டு எழுத வருமா என்று நினைக்கிற புத்தியும் இதில் சேர்ந்துகொள்கிறது. பாத்திரம் காணோம் என்றால் முதலில் வேலைக்காரியைத்தான் விசாரிப்பார்கள். இங்கே வேலைக்காரியின் சொத்து காணாமல் போனது. விசாரிக்க ஆள் இல்லை.

சாட்சி சொல்ல சீகர் குடும்பம் இருந்தது. விஷயத்தை அவர்கள் விடவில்லை. போராடியதில் லிப்பாவின் பெயர் பாட்டில் சேர்ந்தது. பணமும் வர ஆரம்பித்தது. ஆனால் களவு சொத்து முழுசாக மீட்கப்பட்டது என்று சொல்ல முடியாது. இன்றைக்கும் பல ரெக்கார்டுகளில் அவர் பெயரோடு அந்த இரண்டு பெயர்களும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 11 வயதுப் பெண் 1900-களின் தொடக்கத்தில் கட்டிய பாட்டுக்கு, லண்டனில் இரண்டு பங்காளிகள்! எனக்கு இது சரியாகப் படவில்லை.

65 வயதில் முதல் ரெக்கார்டு

மைக் சீகர் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு லிப்பாவின் வீட்டுக்கே போனார். 1957 கடைசியிலும் 1958 ஆரம்பத்திலும் அங்கே உட்கார்ந்து பதிவு செய்தார். ஸ்டுடியோ கிடையாது. 1958-ல் ஃபோக்வேஸ் கம்பெனி அதை எல்.பி. ரெக்கார்டாக வெளியிட்டது. அப்போது லிப்பாவுக்கு வயது 65. களவுப் பிரதி ஊரெல்லாம் ஒலித்து அடங்கிய பிறகுதான் அசல் கடைக்கு வந்தது.

கல்லூரிகளில் கூப்பிட்டார்கள். 1964-ல் புகழ் பெற்ற நியூபோர்ட் நாட்டுப்பாட்டு விழா மேடை. அதற்காக வீட்டு வேலையை உடனே உதறிவிடவில்லை. கச்சேரியில் கைதட்டல் வாங்கிவிட்டு வந்து வேலைக்குப் போனார். கைதட்டல் வாடகை கொடுக்காது என்று அவருக்குத் தெரியும்.

1967-ல் 'ஷேக் சுகரீ' என்ற இரண்டாவது ரெக்கார்டு. அந்தத் தலைப்புப் பாட்டுக்கு வரி போட்டுக் கொடுத்தவர்கள் வீட்டுக் குழந்தைகள். பாடியது 12 வயதான கொள்ளுப்பேத்தி. தான் முதல் பாட்டுக் கட்டிய வயது என்பதாலோ என்னவோ, குழந்தையை முன்னால் பாடவிட்டு, பாட்டி பின்னால் கிட்டார் வாசித்தார். இந்தப் பாட்டை பின்னாளில் பாப் டிலன் தன் கச்சேரிகளில் பாடியிருக்கிறார். 'ஃபிரெய்ட் டிரெயின்' பாட்டை பீட்டர், பால் அண்டு மேரி பாடினார்கள். ஜெர்ரி கார்சியா பாடினார். பட்டியல் நீளம், இந்தப் பக்கம் போதாது. மூன்றாவது ரெக்கார்டு 1979-ல்.

சொந்த வீடு, சொந்தப் பூங்கா

பாட்டிலும் கச்சேரியிலும் வந்த பணத்தில், 80-ஐ நெருங்கிய வயதுக்கு மேல், மகளோடு நியூயார்க் மாநிலத்தில் சிராக்யூஸ் நகருக்குக் குடிபோனார். அங்கே சொந்த வீடு வாங்கினார். வாழ்நாள் பூராவும் அடுத்தவர் வீட்டைப் பெருக்கியவர். 1983-ல் அந்த நகரம் ஒரு சின்னப் பூங்காவுக்கு அவர் பெயரை வைத்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே வைத்ததைக் குறிப்பிட வேண்டும். 2012-ல் அங்கே சிலையும் வைத்தார்கள்.

1984-ல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் பாரம்பரியக் கலைஞர்களுக்குத் தரும் பெரிய கௌரவத்தை அவருக்கு அளித்தது. அடுத்த வருடம், 1985-ல், கிராமி பரிசு. மேடைக் கச்சேரியைப் பதிவு செய்து ஆர்ஹூலி கம்பெனி வெளியிட்ட ரெக்கார்டுக்காக, பாரம்பரிய நாட்டுப்பாட்டுப் பிரிவில் கிடைத்தது. வயது 92. அந்த வயதில் நம் வீடுகளில் பெரியவர்களைத் திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறோம்.

மேடையில் அவர் வெறுமனே வாசித்துவிட்டுப் போகிறவர் இல்லை. பாட்டுக்கு நடுவே கதை சொல்வார். அண்ணன் பாஞ்சோ, அறுந்த தந்தி, பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொண்ட பெயர் எல்லாம் அப்படி அவர் வாயால் சொல்லித்தான் உலகத்துக்குத் தெரியும். கூட்டத்தையும் சேர்ந்து பாட வைப்பார். 'ஃபிரெய்ட் டிரெயின்' வரும்போது சொல்லிக் கொடுக்கத் தேவையே இல்லை, எல்லாருக்கும் மனப்பாடம்.

1987-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி சிராக்யூஸில் காலமானார். வயது 94. 35 வருடம் கழித்து, 2022-ல், ராக் அண்டு ரோல் புகழ் மன்றத்தில் முன்னோடிகள் வரிசையில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

பிறந்த ஊரான கார்பரோவிலும் மறக்கவில்லை. அங்கே சைக்கிள் போவதற்கென்று ஒரு பாதை போட்டு, 'லிப்பா காட்டன் சைக்கிள் பாதை' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாதை ரயில் தண்டவாளத்தை ஒட்டியே போகிறது.